வறட்சி தாங்கும் செடிகள் ஏன் காய்ந்துபோயின?

வாசகர் கேள்வி: எங்கள் வீட்டைச் சுற்றி ஏறத்தாழ 60 சதுர மீட்டர் தோட்டம் இருக்கிறது. அதில் 40 சதுர மீட்டர் புல்தரை, நடுவில் ஒரு பெரிய மரம். கோடையில் தண்ணீர்ப் பற்றாக்குறை. தோட்டத்துக்கு வாரம் இரண்டு நாள்தான் தண்ணீர் விட முடிகிறது. தண்ணீர் அதிகம் கேட்காத செடிகள் எவை என்று விசாரித்து அரளி, காகிதப்பூ, லாவெண்டர், அடினியம் ஆகியவற்றைக் கோடைத் தொடக்கத்தில் வாங்கி வைத்தோம். அரளியும் காகிதப்பூவும் காய்ந்துவிட்டன. லாவெண்டர் எப்படியோ தப்பித்தது, மழை பிடித்ததும் அழுகிவிட்டது. அடினியம் இலையெல்லாம் கொட்டி மொட்டையாக நிற்கிறது. உண்மையிலேயே வறட்சி தாங்கும் செடிகளின் பட்டியல் ஒன்று தருவீர்களா? புல்தரையை எடுத்துவிட்டுச் சரளைக்கல் கொட்டிவிடலாமா? பழைய ரோஜாச் செடி ஒன்று இருக்கிறது. அதை மட்டும் இழக்க மனமில்லை.

ஆலோசகர் பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

முதலில் அந்த அடினியத்தைப் பிடுங்கி எறிந்துவிடாதீர்கள். அது உயிரோடு இருக்கவே வாய்ப்பு அதிகம். தண்ணீர் குறைந்தாலும் குளிர் வந்தாலும் இலையை உதிர்த்துவிட்டு, பருத்த அடித்தண்டில் சேர்த்து வைத்திருக்கும் நீரில் காலம் தள்ளுவது அதன் பிறவிக் குணம். நகத்தால் தண்டின் தோலை லேசாகக் கீறிப் பாருங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. பிறகு அடித்தண்டை விரலால் அழுத்துங்கள். கெட்டியாக இருந்தால் கவலை வேண்டாம். சற்றே சுருங்கித் தளர்ந்திருந்தால் தாகம். கொழகொழவென்று அமுங்கினால் மட்டும்தான் அழுகல். இலை கொட்டியதைப் பார்த்துப் பதறி, தினமும் தண்ணீர் ஊற்றித்தான் பலர் அடினியத்தைச் சாகடிக்கிறார்கள். இலை இல்லாத செடி நீரை மிகக் குறைவாகவே உறிஞ்சும். ஊற்றிய நீர் வேரைச் சுற்றித் தேங்கும். துளிர் தெரியும்வரை மண் நன்றாகக் காய்ந்த பிறகே கொஞ்சம் ஊற்றுங்கள்.

இனி அரளிக்கு வருவோம். நீங்கள் வாங்கிய செடிகளில் குறையே இல்லை. அரளியும் காகிதப்பூவும் வெயில் காயும் ஊர்களில் பெரிய கவனிப்பு எதுவும் இல்லாமல் சாலையோரங்களில் பூத்து நிற்பவை. அரளி இலை ஒன்றைத் திருப்பி, பூதக்கண்ணாடி வைத்து அடிப்பக்கத்தைப் பாருங்கள். நரம்புகளுக்கு இடையே வெளிறிய புள்ளிகள் நெருக்கமாகத் தெரியும். ஒவ்வொரு புள்ளியும் ஒரு குழி. குழிக்குள் மெல்லிய முடிகள், அந்த முடிகளின் மறைவில்தான் இலைத்துளைகள். வறண்ட காற்று நேரே படாததால் குழிக்குள் ஈரப்பதம் தங்குகிறது; ஆவியாகிப் போகும் நீர் குறைகிறது. இலையின் மேல்பக்கமோ தடித்த மெழுகுத் தோல். இவ்வளவு ஏற்பாடு உள்ள செடி ஏன் செத்தது?

வேர் இல்லாததால். நர்சரித் தொட்டியிலிருந்து வந்த செடியின் வேர் முழுவதும் ஒரு சாண் தாய்மண்ணுக்குள், அதாவது தொட்டியோடு வந்த மண் உருண்டைக்குள், சுருண்டு கிடக்கிறது. அது அடியாழத்து ஈரத்தைத் தேடிப் போக இன்னும் பல மாதங்கள் ஆகும். அதுவரை அந்தச் செடிக்கு உலகம் என்பது அந்த ஒரு சாண் உருண்டைதான். தென்னை நார்க்கழிவோ பீட் பாசியோ கலந்த நர்சரிக் கலவை ஒருமுறை முற்றிலும் காய்ந்துவிட்டால், பிறகு ஊற்றும் தண்ணீரை எளிதில் ஏற்காது. நீர் பக்கவாட்டில் வழிந்து போய்விடும். சுற்றிலும் மண் ஈரமாக இருக்க, நடுவில் செடி காய்ந்துகொண்டிருக்கும். வாரம் இரண்டு நாள் தண்ணீர் என்பது வேரூன்றிய அரளிக்கு ஏராளம், நேற்று நட்ட அரளிக்குப் பட்டினி. அதிலும் நீங்கள் நட்டது கோடைத் தொடக்கத்தில்.

இதைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல விரும்புகிறேன். வறட்சி தாங்கும் செடி என்று விற்கப்படும் எதுவும் நட்ட அன்றைக்கு வறட்சி தாங்காது. பூச்செடிகளுக்கும் மூலிகைகளுக்கும் ஏறக்குறைய ஓர் ஆண்டு, புதர்ச்செடிகளுக்கு ஒன்றிலிருந்து இரண்டு ஆண்டு, மரங்களுக்கு இரண்டு மூன்று ஆண்டு நீங்கள் தண்ணீர் கொடுத்து வளர்த்தாக வேண்டும். அந்தச் செலவை இப்போது செய்தால்தான் பின்னால் மிச்சம் பிடிக்கலாம்.

நடுவதற்கான காலம், மழைப் பருவம் தொடங்கும் சமயம். கடும் குளிர் விழும் ஊராக இருந்தால், மண்ணில் இளஞ்சூடு இருக்கும் இலையுதிர் பருவம். கோடை வருவதற்குள் வேருக்குச் சில மாதங்களாவது கிடைக்க வேண்டும். பூத்துக் குலுங்கும் பெரிய செடியை வாங்காதீர்கள். சின்னச் செடியை வாங்குங்கள். சின்னது சீக்கிரம் வேர் பிடிக்கும், இரண்டு மூன்று ஆண்டில் பெரியதை எட்டிப் பிடித்தும்விடும். தொட்டியை விட்டு எடுத்ததும் அடியில் வட்டமாகச் சுற்றியிருக்கும் வேர்களை விரலால் பிரித்துவிடுங்கள், முடியாவிட்டால் கத்தியால் நான்கு பக்கமும் கீறிவிடுங்கள். அப்படியே நட்டால் அந்த வேர்கள் அதே வட்டத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கும். குழி தாய்மண்ணின் உயரத்துக்கு மேல் ஆழம் வேண்டாம், அகலம் மட்டும் இரண்டு மூன்று மடங்கு இருக்கட்டும். களிமண் நிலத்தில் குழிக்குள் மட்டும் மக்கு உரத்தைக் கொட்டி நிரப்பும் பழக்கம் ஆபத்தானது. சுற்றிலும் இறுகிய களி, நடுவில் பொலபொலப்பான உரம் என்றால் மழைநீர் முழுவதும் அந்தக் குழியில் வந்து நிற்கும்.

தண்ணீர் ஊற்றுவதிலும் ஒரு முறை இருக்கிறது. தினமும் மேலோட்டமாகத் தெளித்தால் வேர் மேலேயே படரும். மேல்மண்தான் முதலில் காயும். இடைவெளி விட்டு ஆழமாக ஊற்றினால் வேர் ஈரத்தைத் தொடர்ந்து கீழே இறங்கும். எவ்வளவு ஊற்றினால் ஆழம் போகும் என்பது மண்ணைப் பொறுத்தது. 25 மில்லிமீட்டர் நீர் மணற்பாங்கான மண்ணில் 30 சென்டிமீட்டர் வரை இறங்கும், மணலும் களியும் கலந்த இருமண்பாட்டு நிலத்தில் 15 முதல் 20 வரை, களிமண்ணில் 10 அல்லது 12 தான். ஊற்றி முடித்த மறுநாள் ஒரு மெல்லிய இரும்புக் கம்பியை மண்ணில் செருகிப் பாருங்கள். ஈரம் இருக்கும் ஆழம்வரை சுலபமாக இறங்கும், காய்ந்த மண் வந்ததும் நின்றுவிடும். புதுச் செடிக்கு முதல் சில வாரங்கள் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை, தாய்மண் நனையும்படி செடியின் அடியிலேயே ஊற்றுங்கள். பிறகு இடைவெளியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, ஊற்றும் அளவையும் பரப்பையும் அதிகமாக்குங்கள். உச்சிவெயிலில் இலை தொங்குவதை வைத்து எதையும் முடிவு செய்ய வேண்டாம். காலையிலும் வாடியே இருந்தால்தான் தாகம்.

லாவெண்டரின் கதை வேறு. அது மழை பெய்யும் குளிர்காலமும் வறண்ட கோடையும் உள்ள மத்திய தரைக்கடல் பகுதியின் பாறைச் சரிவுகளில் வளர்ந்த செடி. வெயிலையும் வறட்சியையும் தாங்கும், வெப்பத்தோடு சேர்ந்த ஈரத்தைத் தாங்காது. அதன் இலையைச் சாம்பல் நிறமாகக் காட்டும் நுண்ணிய முடிகள் வெயிலைத் திருப்பி அனுப்புபவை. புழுக்கமான மழைக்காலத்தில் செடி நனைந்தபடியே இருந்தால் அதே முடிகளுக்கிடையே ஈரம் தங்கிப் பூஞ்சணத்துக்கு இடம் கொடுக்கும். ரோஸ்மேரிக்கும் பெருமளவு இதே கதைதான். வெப்பமும் மழையும் சேர்ந்து வரும் ஊரில் இவற்றை வைத்தே ஆக வேண்டுமென்றால், கரடுமுரடான மணலும் சிறுகல்லும் கலந்த மேட்டுப்பாத்தியிலோ சுட்ட மண்தொட்டியிலோ, காற்றோட்டமான இடத்தில் வையுங்கள்.

அடுத்த முறை செடி வாங்கப் போவதற்கு முன் ஒரு சோதனை செய்துவிடுங்கள். 30 சென்டிமீட்டர் ஆழத்துக்கு ஒரு குழி வெட்டி, தண்ணீர் நிரப்பி வடிய விடுங்கள். மறுபடி நிரப்பி, ஒரு மணி நேரத்தில் எவ்வளவு இறங்குகிறது என்று ஓர் அளவுகோலால் பாருங்கள். 2.5 முதல் 7.5 சென்டிமீட்டர் வரை இறங்கினால் பெரும்பாலான செடிகளுக்கு ஏற்ற வடிகால். அதற்கும் குறைவென்றால் கற்றாழை, லாவெண்டர் வகையெல்லாம் மேட்டுப்பாத்தியில் மட்டும். மிக வேகமாக இறங்கினால் மக்கு உரம் நிறையச் சேர்க்க வேண்டும், தோட்டம் முழுக்கப் பரவலாக. தோட்டத்தின் இரண்டு மூன்று மூலைகளில் இதைச் செய்தால், ஒரே தோட்டத்துக்குள் மண் எவ்வளவு மாறுகிறது என்பது தெரியும்.

இப்போது நீங்கள் கேட்ட பட்டியல். பெயர்களை மனப்பாடம் செய்வதைவிட, ஒரு செடி வறட்சியை எந்த வழியில் சமாளிக்கிறது என்று தெரிந்துகொண்டால் எந்த நர்சரியிலும் நீங்களே தேர்ந்தெடுக்கலாம்.

சில செடிகள் நீரைச் சேமிப்பவை. கற்றாழை, அகேவ், மருள், கள்ளி, சீடம் போன்றவை. இவற்றில் பலவும் பகலில் இலைத்துளைகளை மூடிக்கொண்டு, இரவில் திறந்து கார்பன் டை ஆக்சைடை வாங்கி அமிலமாகச் சேர்த்து வைத்துக்கொள்கின்றன. விடிந்த பிறகு அதை வைத்து உணவு சமைக்கின்றன. குளிர்ந்த இரவுக் காற்றில் துளை திறப்பதால் நீரிழப்பு மிகக் குறைவு. இவற்றுக்குப் பெருங்கேடு அதிகத் தண்ணீர்தான். வேர் மேலோட்டமானது என்பதால் சரிவுகளிலும் சுவரோரத்திலும் ஆழமில்லாத மண்ணிலும்கூட வளரும்.

சில செடிகள் ஆழத்தில் தேடுபவை. மரங்கள், புதர்கள் பலவும் இந்த வகை. வெட்டிவேர் நல்ல மண்ணில் 3 மீட்டருக்கும் கீழே வேர் விடும். சரிவில் மண்ணைப் பிடித்து நிறுத்த அதற்கு இணையாக நான் எதையும் சொல்ல மாட்டேன். இந்த வகைச் செடியைத் தொட்டியில் வைத்தால் அதன் பலமே போய்விடும். தொட்டியில் வாடுகிறதே என்று கேட்டு எழுதுகிறவர்கள் பலர். கீழே போக வழி இல்லாத வேர் என்ன செய்யும்?

இன்னும் சில, இலையைக் கொட்டிவிட்டுக் காத்திருப்பவை. அடினியம், ஈழத்தலரி. கடைசியாக, வறட்சிக்கு முன்பே பூத்து விதைத்துவிட்டு முடிந்துபோகும் ஒருபருவச் செடிகள். காஸ்மோஸ், கைலார்டியா போன்றவற்றை மழைக்காலத்தில் விதைத்துவிட்டால் தண்ணீர் தட்டுப்பாடு வருமுன் பூத்து ஓய்ந்துவிடும். கைலார்டியா சில சமயம் அதற்கு மேலும் நிற்கும்.

உறைபனி விழாத ஊர் என்றால் நான் முதலில் வைப்பது ஆவாரை. வெயிலும் மெலிந்த மண்ணும் போதும். தங்க நிறப் பூ, தேனீக்கள் தேடி வரும். மயில்கொன்றை, டெக்கோமா இரண்டும் வேகமாக வளர்ந்து மறைப்புக்கு உதவும். நித்தியகல்யாணி காலடியில் ஆண்டு முழுக்கப் பூக்கும். தரையை மூட மேசைரோஜா. காகிதப்பூவை இன்னொரு முறை முயன்று பாருங்கள். அது வேரூன்றிய பிறகு தண்ணீரைக் குறைக்கக் குறைக்கத்தான் பூக்கும், ஊற்றிக்கொண்டே இருந்தால் இலையாக மட்டும் வளரும். அரளியும் மறுபடி வைக்கலாம், ஆனால் அதன் எல்லாப் பாகமும் நஞ்சு. சின்னக் குழந்தைகளோ ஆடுமாடோ நாயோ இருக்கும் வீட்டில் வேண்டாம் என்பதே என் கருத்து. வெட்டிய கிளைகளை எரித்து அந்தப் புகையைச் சுவாசிப்பதும் தீங்கு. உறைபனி விழும் ஊரென்றால் லாவெண்டர், சால்வியா, யாரோ (yarrow) என்ற பூச்செடி, தாடி ஐரிஸ், குளிர் தாங்கும் சீடம் வகைகள்.

வறட்சியை வெல்லும் செடி சில சமயம் மற்ற எல்லாவற்றையும் வென்றுவிடும். ஆஸ்திரேலியாவில் அழகுக்கும் வேலிக்கும் கொண்டுபோன சப்பாத்திக்கள்ளி 1920-களுக்குள் 2 கோடி ஹெக்டேருக்கு மேல் பரவி, பண்ணைகளையே கைவிட வைத்தது. 1926-இல் அர்ஜென்டினா அந்துப்பூச்சி ஒன்றை விட்ட பிறகே அடங்கியது. உண்ணிச்செடியும் சீமைக் கருவேலமும் நீங்கள் அறிந்தவை. ஒரு செடியை வாங்குமுன் அது உங்கள் பகுதியில் தானாகப் பரவும் செடியா என்று கேளுங்கள். உங்கள் பகுதியின் காட்டிலும் தரிசிலும் இயல்பாக வளரும் செடிகளை முதலில் பாருங்கள். உங்கள் ஊர் மழைக்கும் வறட்சிக்கும் பழகியவை அவைதான்.

1981-இல் அமெரிக்காவின் டென்வர் நகரக் குடிநீர்த் துறை, நீர் சிக்கனத் தோட்டத்துக்கு ஜீரிஸ்கேப் என்று பெயர் வைத்தது. பின்னர் அதற்கு ஏழு நெறிகள் வகுக்கப்பட்டன. திட்டமிடல், மண் வளம், அளவான புல்தரை, செடித் தேர்வு, சீரான பாசனம், மூடாக்கு, பராமரிப்பு. செடித் தேர்வு ஏழில் ஒன்றுதான். உங்கள் தோட்டத்தில் தண்ணீரைக் குடிப்பது எது என்று பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். 1 சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் நீர் என்றால் 1 லிட்டர். வெயில் கடுமையான நாளில் பசுமையாக வைத்திருக்கும் புல்தரை 4 முதல் 6 மில்லிமீட்டர் நீரை இழக்கும். உங்கள் 40 சதுர மீட்டருக்கு அது ஒரு நாளைக்கு 160 முதல் 240 லிட்டர். நீங்கள் எத்தனை வறட்சிச் செடி வைத்தாலும் இந்தக் கணக்கைத் தொடாமல் தண்ணீர் மிச்சமாகாது.

ஆகவே புல்தரையைக் குறையுங்கள். குழந்தைகள் விளையாடவோ மாலையில் உட்காரவோ உண்மையில் பயன்படும் அளவு மட்டும், ஒரு 10 சதுர மீட்டர், இருக்கட்டும். அது அருகம்புல் வகையாக இருந்தால் கோடையில் பழுப்பாகி உறங்கட்டும், விட்டுவிடுங்கள். மழை வந்ததும் தழைக்கும். மீதியை ஒரே நாளில் எடுக்காதீர்கள். நடுவில் இருக்கும் மரம் இத்தனை ஆண்டும் புல்லுக்கு ஊற்றிய நீரில்தான் வளர்ந்திருக்கும். புல் போனதோடு தண்ணீரும் போனால் ஓரிரு ஆண்டில் மரம் நுனியிலிருந்து காயத் தொடங்கும். அடிமரத்தில் ஊற்றிப் பயனில்லை. கிளைகள் விரிந்திருக்கும் எல்லையை ஒட்டி, கடும் கோடையில் இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை, மெதுவாக, ஆழம் நனையும்படி ஊற்றுங்கள். அந்த மர நிழல் தோட்டம் முழுவதற்கும் நீர் மிச்சப்படுத்துகிறது. தோட்டத்தில் எதை இழந்தாலும் மரத்தை இழக்கக் கூடாது.

சரளைக்கல் வேண்டாம் என்றே சொல்வேன். வெயிலில் கல் சூடேறி, இரவிலும் அனல் விடும். பக்கத்துச் செடிகளின் தாகம் கூடும், வீட்டுச் சுவரும் காயும். செயற்கைப் புல் இன்னும் மோசம், வெயிலில் கால் வைக்க முடியாது. கற்றாழைகளைச் சுற்றி மட்டும் வெளிர் நிறச் சரளை போடலாம். மற்ற இடங்களில் காய்ந்த இலை, மரச்சீவல், வைக்கோல் என்று கிடைப்பதை 5 முதல் 7 சென்டிமீட்டர் கனத்துக்கு மூடாக்காகப் பரப்புங்கள். தண்டை ஒட்டி மட்டும் நான்கு விரல் இடம் விட்டுவிடுங்கள், இல்லையென்றால் பட்டை அழுகும். எடுக்கப்போகும் புல்லின் மேல் பழைய அட்டைப்பெட்டிகளை விரித்து நனைத்து, மேலே மூடாக்குப் போட்டால் சில மாதங்களில் புல் மடிந்து மண்ணாகும். அருகம்புல் மட்டும் ஓரங்களில் மீண்டும் தலைகாட்டும், அவ்வப்போது பிடுங்குங்கள்.

செடிகளை இடம் பிரிக்கும்போது தாகத்தை வைத்துப் பிரியுங்கள். கற்றாழைக்குப் பக்கத்தில் செம்பருத்தி வைத்தால் இரண்டில் ஒன்று நிச்சயம் போகும். தண்ணீர் கேட்கும் நாலைந்து செடிகளை வீட்டை ஒட்டி, கையெட்டும் தூரத்தில் ஓரிடத்தில் வையுங்கள். அதற்கடுத்து எப்போதாவது ஊற்றுபவை. எல்லையோரத்தில், வேரூன்றிய பின் மழையை நம்பியே வாழ்பவை. தழைச்சத்து உரத்தைக் கோடைக்கு முன் அள்ளிப் போடாதீர்கள். இளந்தளிர் அதிகமாகும், கூடவே தாகமும்.

கூரை நீரையும் மறக்க வேண்டாம். 100 சதுர மீட்டர் கூரையில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1000 லிட்டர். சிந்தியதும் ஆவியானதும் போக 800 லிட்டராவது தேறும். தொட்டி கட்ட வசதி இல்லாவிட்டால், கூரைக் குழாயை ஆழமில்லாத ஒரு பள்ளத்துக்குத் திருப்பி, மண்ணிலேயே சேமியுங்கள். பள்ளம் வீட்டு அடித்தளத்திலிருந்து 3 மீட்டராவது தள்ளி இருக்கட்டும்.

ரோஜாவை நீங்கள் இழக்க வேண்டியதில்லை. வறட்சித் தோட்டத்தில் ரோஜா இருக்கக் கூடாது என்று எந்த விதியும் கிடையாது, தண்ணீர் கேட்கும் செடிகள் எண்ணிக்கையில் குறைவாக இருந்தால் போதும். பளபளப்புப் பூச்சு இல்லாத ஒரு மண்பானையை ரோஜாவிலிருந்து ஒரு முழம் தள்ளி, வாய் மட்டும் வெளியே தெரியும்படி புதையுங்கள். அடியில் ஓட்டை இருந்தால் அடைத்துவிடுங்கள். தண்ணீர் நிரப்பி மூடி போட்டுவிட்டால், சுற்றியுள்ள மண் காயக் காயப் பானைச் சுவர் வழியே நீர் கசியும். மண் ஈரமாக இருந்தால் கசிவு தானாகவே குறையும். சீனாவில் ஏறக்குறைய 2000 ஆண்டுகளுக்கு முந்தைய வேளாண் குறிப்புகளிலேயே இந்த முறை இருக்கிறது. 5 லிட்டர் பானை என்றால் பெரும்பாலும் மூன்று நான்கு நாள் தாங்கும், உங்கள் வாரம் இரண்டு நாள் கணக்குக்குச் சரியாக வரும். பழைய செடியின் வேரை வெட்டாதபடி பள்ளத்தைக் கையால் தோண்டுங்கள். கவாத்தை மட்டும் இப்போது செய்ய வேண்டாம். வெயில் தணிந்து முதல் மழை இறங்கிய பிறகு செய்யுங்கள்.